உயிரொத்த இயக்குநீர் சிகிச்சை

உயிரொத்த இயக்குநீர் சிகிச்சை என்பது மனித உடலில் இயல்பாகச் சுரக்கும் இயக்குநீர்களின் மூலக்கூற்று அமைப்பை அப்படியே கொண்ட பொருள்களை மருந்தாக அளிக்கும் முறையாகும். பேச்சுவழக்கில் ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்களுள் ஈஸ்ட்ரடையோல், ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரியோல், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியன இதில் பெரிதும் பயன்படுகின்றன. மாதவிடாய் நிறுத்தத்தை ஒட்டி ஏற்படும் திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, உறக்கமின்மை, யோனி வறட்சி ஆகியவற்றைத் தணிக்கவும், எலும்புப்புரையைத் தடுக்கவும், கருவளச் சிகிச்சையின்போது கருப்பையை ஆயத்தப்படுத்தவும் இவை அளிக்கப்படுகின்றன.

இப்பெயர் இரண்டு வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது வேதியியல் பொருள். இதன்படி, உடலில் உள்ள மூலக்கூறும் மருந்திலுள்ள மூலக்கூறும் ஒன்றாக இருந்தால் அம்மருந்து உயிரொத்தது. இரண்டாவது வணிகப் பொருள். ஐக்கிய அமெரிக்காவில் சில மருந்தகங்கள் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கலந்து தரும் பூச்சுகள், வில்லைகள், தோலடியில் பதிக்கும் குறுமணிகள் ஆகியவற்றையே இப்பொருளில் உயிரொத்தவை என்கின்றனர். முதற்பொருளில் உயிரொத்த மருந்துகள் பல முறையாகச் சோதிக்கப்பட்டு அரசு ஒப்புதல் பெற்றவை. இரண்டாம் பொருளில் உள்ளவை அவ்வாறு சோதிக்கப்படாதவை. முதலாவதற்குக் கிடைத்த நற்பெயரைக் கொண்டு இரண்டாவதை விற்பதே இச்சிகிச்சை பற்றிய சர்ச்சைகள் பெரும்பாலானவற்றின் வேர் எனலாம்.

பெயர்

பிரித்தானிய மருத்துவர்கள் இக்குழப்பத்தைத் தவிர்க்க இரு சொற்களைப் பயன்படுத்துகின்றனர். ஒப்புதல் பெற்ற மருந்துகளை 'உடலொத்தவை' என்றும், மருந்தகங்களில் தனித்தனியாகக் கலக்கப்படுபவற்றை 'உயிரொத்தவை' என்றும் அவர்கள் குறிப்பர். அமெரிக்காவில் இத்தகைய பிரிவு நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் இரண்டாம் வகையைக் குறிக்கும் இடங்களில் 'கலவை மருந்து' என்ற சொல் ஆளப்படுகிறது.

கலவை மருந்து என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மிக்சர் கலந்து, குப்பியில் அளவுக்கோடாகக் காகிதம் ஒட்டிக் கொடுத்த கம்பவுண்டரை மூத்த தலைமுறையினர் அறிவர். மருந்துத் தொழிற்சாலைகள் பெருகியபின் அவ்வழக்கம் மறைந்தது. அமெரிக்காவில் அது ஒரு தனித் தொழிலாக நிலைத்து நின்றது.

'இயற்கை இயக்குநீர்' என்ற சொல்லும் இதற்கு மாற்றாக வழங்குகிறது. இது பொருத்தமான சொல் அன்று. மாதவிடாய் நிறுத்தத்துக்கு நெடுங்காலம் அளிக்கப்பட்டுவரும் குதிரை ஈஸ்ட்ரோஜன் நேரடியாக விலங்கிலிருந்து பெறப்படுவது. ஆகவே அது இயற்கையானது, ஆனால் உயிரொத்தது அன்று. உயிரொத்த ஈஸ்ட்ரடையோலும் புரோஜெஸ்டிரோனும் தாவரப் பொருள் ஒன்றை ஆய்வுகூடத்தில் பல படிகளில் மாற்றிப் பெறப்படுபவை. ஆகவே அவை உயிரொத்தவை, ஆனால் இயற்கையாகக் கிடைப்பவை அல்ல.

வேதியியல்

ஈஸ்ட்ரோஜன்கள், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய யாவும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. நான்கு கரிம வளையங்கள் இணைந்த சட்டகமே இவற்றின் அடிப்படை. இச்சட்டகத்தின் ஓரங்களில் எந்த அணுத்தொகுதி எந்த இடத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே இயக்குநீரின் பணி அமைகிறது. மிகச் சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தரும். எடுத்துக்காட்டாக, புரோஜெஸ்டிரோனின் ஆறாம் கரிமத்தில் ஒரு மெத்தில் தொகுதியையும் பதினேழாம் கரிமத்தில் ஓர் அசிட்டாக்சித் தொகுதியையும் சேர்த்தால் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டு கிடைக்கிறது. இது கருப்பையில் புரோஜெஸ்டிரோனைப் போலவே செயற்படுகிறது. ஆனால் மற்ற இயக்குநீர் ஏற்பிகளுடன் இணையும் விதத்தில் வேறுபடுகிறது. ஈஸ்ட்ரடையோலின் பதினேழாம் கரிமத்தில் எத்தைனைல் தொகுதியைச் சேர்த்தால், கல்லீரல் எளிதில் சிதைக்க இயலாத எத்தைனைல் ஈஸ்ட்ரடையோல் உண்டாகிறது. கருத்தடை மாத்திரைகளில் நீண்டகாலமாகப் பயன்படும் ஈஸ்ட்ரோஜன் இதுவே.

உயிரொத்த புரோஜெஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். இதனால் நெடுங்காலம் அதனை ஊசியாகவே போட வேண்டியிருந்தது. பின்னர் அதனை மிக நுண்ணிய துகள்களாக்கி எண்ணெயில் கலந்து உறையிலிட்டபோது வாய்வழி மருந்தாகப் பயன்படத் தொடங்கியது. இவ்வகை உறை மாத்திரை பிரான்சில் 1980 இலும் அமெரிக்காவில் 1998 இலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற உறையில் நிலக்கடலை எண்ணெய் இருப்பதால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை உட்கொள்ளக் கூடாது. கல்லீரலில் புரோஜெஸ்டிரோன் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் மூளையில் தூக்கத்தைத் தூண்டுவதால் இம்மருந்து பெரும்பாலும் இரவில் கொடுக்கப்படுகிறது. இவ்வியல்பு செயற்கைப் புரோஜெஸ்டின்கள் பலவற்றுக்கு இல்லை.

வரலாறு

ஈஸ்ட்ரோனை 1929 இல் அமெரிக்காவில் எட்வர்டு டாய்சியும் செருமனியில் அடால்ப் பூட்டெனன்டும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். புரோஜெஸ்டிரோன் 1934 இல் தூய்மையாகப் பெறப்பட்டது. அக்காலத்தில் இவற்றுக்கான மூலப்பொருள் விலங்குறுப்புகளும் சிறுநீருமே. டன் கணக்கான பன்றிச் சூலகங்களிலிருந்து சில மில்லிகிராம் இயக்குநீரே கிடைத்தது. இத்தகைய பொருளை மருந்தாகப் பரவலாகக் கொடுக்க இயலாது.

இதற்கு இரு தீர்வுகள் தோன்றின. ஒன்று குதிரை. கருவுற்ற பெண்குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன்கள் மிகுதியாக உள்ளன. இதிலிருந்து பெறப்பட்ட பிரிமரின் என்னும் மருந்து 1942 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கருவுற்ற, பெண்குதிரை, சிறுநீர் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களின் பகுதிகளைக் கோத்து அமைக்கப்பட்டதே அதன் பெயர். இம்மருந்தில் ஈஸ்ட்ரோனுடன் ஈக்விலின் முதலிய, மனித உடலில் இல்லாத ஈஸ்ட்ரோஜன்களும் உள்ளன.

மற்றொரு தீர்வு கிழங்கு. பென்சில்வேனியாவில் பணியாற்றிய ரசல் மார்க்கர் என்னும் வேதியியலாளர், டயோசெனின் என்னும் தாவரப் பொருளைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வழியைக் கண்டறிந்தார். இப்பொருள் மிகுந்துள்ள காட்டு வள்ளிக்கிழங்கைத் தேடி மெக்சிக்கோவின் வெராக்ரூசு பகுதிக்குச் சென்றார். (நாம் உண்ணும் சர்க்கரைவள்ளி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.) டன் கணக்கில் கிழங்கு சேகரித்து, சுமார் 3 கிலோகிராம் புரோஜெஸ்டிரோனைத் தயாரித்தார். அன்றைய உலகில் அது வியக்கத்தக்க அளவு. 1944 இல் மெக்சிக்கோ நகரில் சின்டெக்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. மார்க்கர் அடுத்த ஆண்டே அதிலிருந்து விலகினார். ஆனால் அவரது முறையால் புரோஜெஸ்டிரோனின் விலை பெருமளவு வீழ்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சிக்காகோவில் பெர்சி யூலியன் சோயா அவரையின் ஸ்டீரால்களிலிருந்து புரோஜெஸ்டிரோனைத் தயாரித்தார். இன்று ஒப்புதல் பெற்ற மருந்துகளுக்கும் கலவை மருந்துகளுக்கும் மூலப்பொருள் இத்தகைய தாவர வழியிலேயே வருகிறது. ஒரே வகை மூலப்பொருளைக் கொண்டே இரு தரப்பினரும் மருந்து செய்கின்றனர்.

'காட்டுக் கிழங்குப் பூச்சு' என்ற பெயரில் விற்கப்படும் பொருள்கள் பற்றி இங்குக் குறிப்பிட வேண்டும். டயோசெனினைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் நொதிகள் மனித உடலில் இல்லை. அம்மாற்றம் ஆய்வுகூடத்தில் மட்டுமே நிகழும். கிழங்குச் சாற்றைத் தோலில் பூசுவதால் உடலில் புரோஜெஸ்டிரோன் கூடாது.

1966 இல் நியூயார்க்கு மருத்துவர் இராபர்ட்டு வில்சன் எழுதிய நூலொன்று, மாதவிடாய் நிறுத்தத்தை ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டால் பெண்மை என்றும் நீங்காது என்றது. ஈஸ்ட்ரோஜன் விற்பனை பெருகியது. 1975 இல் வெளியான இரு ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு கூடுதலாக ஏற்படுவதைக் காட்டின. ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சவ்வை வளரச் செய்கிறது. இயல்பான மாதச் சுழற்சியில் புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியைத் தடுத்து முதிரச் செய்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் உட்சவ்வு அளவுமீறித் தடிக்கிறது. அதன்பின், கருப்பை அகற்றப்படாத பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனோ புரோஜெஸ்டினோ சேர்த்துக் கொடுப்பது விதியாயிற்று. இவ்விதி உயிரொத்த ஈஸ்ட்ரடையோலுக்கும் பொருந்தும். கருப்பை உட்சவ்வு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது எனப் பார்ப்பதில்லை.

2002 ஆம் ஆண்டு ஆய்வும் அதன் விளைவும்

பெண்கள் நல முன்முயற்சி என்னும் அமெரிக்க அரசு ஆய்வின் ஒரு பிரிவில் 16,608 பெண்களுக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டும் சேர்ந்த மாத்திரையோ, மருந்துப்போலியோ கொடுக்கப்பட்டது. 2002 சூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகளுக்குப் பின், இப்பிரிவு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மருந்து உட்கொண்ட 10,000 பெண்களில் ஓராண்டில் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரல் இரத்த உறைக்கட்டி 8 பேருக்கும், இதய நோய் 7 பேருக்கும் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் பெருங்குடற் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்திருந்தன.

செய்தித்தாள்களில் இவை விழுக்காடுகளாக வெளிவந்தன. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்பதும், 10,000 பேரில் 8 பேருக்குக் கூடியது என்பதும் ஒரே செய்திதான். படிப்பவர் மனத்தில் அவை ஒன்றாகப் பதிவதில்லை. ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதும் அப்போது அதிகம் பேசப்படவில்லை. மாதவிடாய் நிறுத்தத்தின் தொல்லைகளுக்காக மருந்து தேடுவோரில் பெரும்பாலோர் ஐம்பதை ஒட்டிய வயதினர். கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மற்றொரு பிரிவு 2004 இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அமெரிக்கப் பெண்கள் பலர் தம் மாத்திரைகளை நிறுத்தினர். உடற்சூடும் உறக்கமின்மையும் திரும்பின. ஆய்வில் சோதிக்கப்பட்ட இரு மருந்துகளும் உயிரொத்தவை அல்ல. ஆகவே 'அந்த ஆபத்து குதிரை மருந்துக்கும் செயற்கை மருந்துக்கும் உரியது, எமது மருந்துக்கு இல்லை' என்ற விளம்பரம் எளிதாக எடுபட்டது. நடிகை சுசான் சோமர்சு 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் கலவை மருந்துகளுக்குப் பெரும் புகழ் தேடித்தந்தன.

இவ்வாதத்தில் ஒரு பாதி சிந்திக்கத்தக்கது. ஒரு மருந்தில் கண்ட தீமை மற்றொன்றிலும் அதே அளவில் இருக்க வேண்டியதில்லை. மறுபாதி பிழையானது. ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. தன் நிரலைச் சோதிக்காதவன், அதில் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று கூறுவதைப் போன்றது இது. தவிர, மருத்துவர்களிடம் தம் தொல்லையைச் சொல்லி, 'வயதானால் அப்படித்தான்' என்ற விடையோடு திரும்பிய பெண்களுக்கு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட கலவை மருந்து நிலையங்கள் ஆறுதலாக இருந்தன என்பதையும் மறுக்க முடியாது.

சான்றுகள்

ஒப்புதல் பெற்ற உயிரொத்த மருந்துகளுக்குச் சாதகமான சான்றுகள் சில உள்ளன. 1995 இல் வெளியான, 875 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்றில், நுண்துகள் புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களிடம் நன்மை தரும் கொழுப்புப்புரதம் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. பிரான்சில் ஏறத்தாழ 80,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் 2008 ஆம் ஆண்டு முடிவுகளில், ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. செயற்கைப் புரோஜெஸ்டின்கள் பல பெற்றவர்களுக்குக் கூடியிருந்தது. ஆனால் இது நோக்கு ஆய்வு. பெண்கள் தாமே தம் மருத்துவருடன் சேர்ந்து மருந்தைத் தெரிந்தெடுத்தனர். அதே ஆய்வில் 2014 இல் வெளியான தொடர் முடிவுகள், புரோஜெஸ்டிரோன் கூட்டை 5 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் ஓரளவு கூடியிருந்ததைக் காட்டின.

மருந்தை உடலில் செலுத்தும் வழியும் முக்கியமானது. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைச் சென்றடைந்து இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டை, கூழ்மம் ஆகியவற்றின் வழியே செல்லும் ஈஸ்ட்ரடையோல் நேரே இரத்தத்தில் கலப்பதால் இவ்விளைவு மிகக் குறைவு. பிரெஞ்சு ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தியுள்ளன. ஆக, விழுங்கும் ஈஸ்ட்ரடையோலுக்கும் ஒட்டும் ஈஸ்ட்ரடையோலுக்கும் இடையே மூலக்கூறு ஒன்றே ஆயினும் ஆபத்து வேறு. மூலக்கூறு ஒத்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2018 இல் ஈஸ்ட்ரடையோல் 1 மில்லிகிராமும் புரோஜெஸ்டிரோன் 100 மில்லிகிராமும் ஒரே உறையில் சேர்ந்த மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதற்கான ஆய்வில் ஓராண்டு உட்கொண்ட பெண்களின் கருப்பை உட்சவ்வு திசு எடுத்து ஆராயப்பட்டது. கலவை மருந்து எதுவும் இத்தகைய சோதனைக்கு உட்படவில்லை.

கலவை மருந்துகளின் சிக்கல்கள்

கலவை மருந்து முறைக்கு நியாயமான பயன்கள் உண்டு. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பெண்ணுக்கு வேறு எண்ணெயில் புரோஜெஸ்டிரோன் கலந்து கொடுப்பது அவற்றுள் ஒன்று. 2011 இல், குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்காக அதுவரை கலவை மருந்தகங்களில் 10 முதல் 20 டாலருக்குக் கிடைத்த ஓர் ஊசிமருந்துக்கு ஒரு நிறுவனம் தனியுரிமை பெற்று 1,500 டாலர் விலை வைத்தபோது, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே கலவை மருந்தகங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என அறிவித்தது. (அம்மருந்து பயனற்றது எனப் பின்னர் தெரியவந்ததால் 2023 இல் அதன் ஒப்புதல் நீக்கப்பட்டது. அது புரோஜெஸ்டிரோனின் செயற்கை உறவுப் பொருளே, உயிரொத்தது அன்று.)

சிக்கல் எழுவது இம்முறை விதிவிலக்காக அன்றிப் பெருவணிகமாக நடக்கும்போது. 2001 இல் அந்நிர்வாகம் 12 மருந்தகங்களிலிருந்து பலவகைக் கலவை மருந்துகளில் 29 மாதிரிகளைச் சோதித்ததில் 10 தரத்தேர்வில் தோற்றன. பெரும்பாலானவற்றில் குறிப்பிட்ட அளவு மருந்து இல்லை.  ஈஸ்ட்ரோஜன் கூட்டில் இது புற்றுநோய்க்கு வழிவகுக்கும். ஈஸ்ட்ரோஜன் தோல்வழியே நன்கு உறிஞ்சப்படும். புரோஜெஸ்டிரோன் பூச்சோ கருப்பை உட்சவ்வைக் காக்கும் அளவுக்கு இரத்தத்தில் சேர்வது உறுதியில்லை. இரண்டையும் பூச்சாகப் பெறும் பெண், இரு மருந்துகளும் பெறுவதாக நம்புகிறாள். ஆனால் அவள் கருப்பைக்குக் கிட்டுவது ஏறத்தாழ ஈஸ்ட்ரோஜன் மட்டுமே. 1975 இல் கண்டறிந்த அதே ஆபத்து இது. ஆஸ்திரேலியாவில் வாயில் வைத்துக் கரைக்கும் உயிரொத்த வில்லைகளைப் பயன்படுத்திய பெண்கள் மூவருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் ஏற்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 2007 இல் பதிவு செய்தனர்.

ஈஸ்ட்ரியோல் கலவை மருந்துகளில் விரும்பிச் சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட்ரியோல் 80 விழுக்காடும் ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடையோல் ஆகியன 10 விழுக்காடு வீதமும் கொண்ட 'டிரை-எஸ்ட்' என்னும் கலவை புகழ்பெற்றது. ஈஸ்ட்ரியோல் வலிமை குன்றிய ஈஸ்ட்ரோஜன் ஆதலால் பாதுகாப்பானது, புற்றுநோயைத் தடுப்பது என்றெல்லாம் கூறப்பட்டது. சுவீடனில் 1999 இல் வெளியான ஆய்வில், ஈஸ்ட்ரியோலை விழுங்கிவந்த பெண்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் யோனி வறட்சிக்கான பூச்சாக ஈஸ்ட்ரியோல் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரியோல் கொண்ட மருந்து எதற்கும் ஒப்புதல் இல்லை.

அளவைத் தனித்தனியே கணிக்க உமிழ்நீர்ச் சோதனை செய்யப்படுகிறது. மாதவிடாய் நிறுத்தத்தை நெருங்கும் பெண்ணின் இயக்குநீர் அளவு நாளுக்கு நாள், ஒரே நாளிலும் நேரத்துக்கு நேரம் மாறும். உமிழ்நீர் அளவுக்கும் தொல்லையின் கடுமைக்கும் நம்பத்தக்க தொடர்பு கண்டறியப்படவில்லை. மருந்தின் அளவை முடிவு செய்யத் தேவைப்படுவது, உடற்சூடு தணிந்ததா என்ற எளிய கேள்வியே.

கலவை மருந்துகளுடன் எச்சரிக்கைத் தாள் இணைக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. ஒப்புதல் பெற்ற ஈஸ்ட்ரடையோலின் பெட்டியில் நீண்ட எச்சரிக்கையைப் படித்த பெண், எச்சரிக்கையே இல்லாத கலவைப் பூச்சைக் காணும்போது பின்னதே பாதுகாப்பானது என எண்ணுவது இயல்பு.

கருவளமும் உயிரொத்த இயக்குநீர்களும்

முட்டை வெளிவந்தபின் சூலகத்தில் எஞ்சும் மஞ்சட்சடலம் என்னும் பகுதி புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருப்பை உட்சவ்வைக் கரு பதிவதற்கு ஏற்றதாக்குகிறது. கருத்தரித்தபின் சுமார் ஏழு முதல் ஒன்பது வாரம் வரை கருவைத் தாங்குவது இப்பகுதியே. பின்னர் சூல்வித்தகம் அப்பணியை ஏற்கிறது.

இவ்வறிவின் துணிவான பயன்பாடு ஆஸ்திரேலியாவின் மொனாசு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. சூலகம் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஈஸ்ட்ரடையோல் வேலரேட்டும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்து, மாதச் சுழற்சியை வெளியிலிருந்தே உருவாக்கி, கொடையாகப் பெற்ற முட்டையில் உண்டான கருவை அவர் கருப்பையில் வைத்தனர். (வேலரேட்டு வடிவம் உடலுக்குள் ஈஸ்ட்ரடையோலாக மாறிவிடும்.) 1983 இல் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு ஆய்விதழில் இது வெளியானது. தனக்கெனச் சூலகச் சுரப்பு இல்லாத பெண்ணும் கருவைச் சுமக்க முடியும் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. இன்று உறைகுளிரில் பேணப்பட்ட கருவைக் கருப்பையில் வைக்கும் முறையில் இவ்விரு இயக்குநீர்களும் உலகெங்கும் பயன்படுகின்றன. தமிழ்நாட்டின் கருவள மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. 'உயிரொத்த' என்ற அடைமொழி இல்லாமலே இவை அளிக்கப்படுகின்றன.

சோதனைக்குழாய் முறையில் புரோஜெஸ்டிரோன் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிரொத்த வடிவம்தான் வேண்டும் என்பதற்குச் சான்று இல்லை. 2017 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், செயற்கைப் பொருளான டைட்ரோஜெஸ்டிரோனை விழுங்கிய பெண்களின் கருத்தரிப்பு விகிதம், யோனிவழி நுண்துகள் புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை.

கருச்சிதைவைத் தடுக்க இயக்குநீர் கொடுப்பதன் வரலாறு வேதனையானது. 1938 இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட டையெத்தில்சிடில்பெசுடிரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் இதற்கெனக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. அது பயனற்றது எனச் சிக்காகோவில் நடந்த ஆய்வு 1953 இலேயே காட்டியும் மருத்துவர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1971 இல், அம்மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த இளம்பெண்களிடம் அரிய யோனிப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. செயற்கை இயக்குநீர்கள் மீது பெண்களுக்குள்ள அச்சம் ஆதாரமற்றது அன்று என்பதற்காக இது இங்குக் குறிப்பிடப்படுகிறது.

உயிரொத்த புரோஜெஸ்டிரோன் இதே நோக்கத்துக்காகப் பிரித்தானியாவில் முறையாகச் சோதிக்கப்பட்டது. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு உள்ள 836 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015 இல் வந்தது. உயிருடன் குழந்தை பெற்றோர், மருந்து பெற்றவர்களில் 65.8 விழுக்காடு, மருந்துப்போலி பெற்றவர்களில் 63.3 விழுக்காடு. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. கருவுற்ற தொடக்கத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட 4,153 பெண்களிடம் நடந்து 2019 இல் வெளியான ஆய்விலும் மொத்தத்தில் தெளிவான பயன் காணப்படவில்லை. ஆனால் முன்பு மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவுகள் நேர்ந்து, இம்முறையும் இரத்தப்போக்கு கண்டவர்களில், மருந்து பெற்றோருள் 72 விழுக்காட்டினரும் மருந்துப்போலி பெற்றோருள் 57 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இதன் அடிப்படையில் 2021 இல் பிரித்தானிய வழிகாட்டுதல், முன்பு கருச்சிதைவு நேர்ந்து இப்போது இரத்தப்போக்கும் உள்ள பெண்களுக்கு யோனிவழி நுண்துகள் புரோஜெஸ்டிரோன் 400 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை கொடுக்கலாம் என்றது. எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக அதனைப் பரிந்துரைக்கவில்லை.

'இயக்குநீர்ச் சமநிலையைச் சீராக்கினால் கருவளம் திரும்பும்' என்ற விளம்பரம் வேறு வகையைச் சேர்ந்தது. பிறக்கும்போது பெண்ணின் சூலகங்களில் பத்து முதல் இருபது இலட்சம் சூலக நுண்குமிழ்கள் உள்ளன. மாதவிடாய் நிறுத்தத்தின்போது எஞ்சுபவை சுமார் ஆயிரம். குறைந்த இயக்குநீர் இவ்விழப்பின் விளைவே அன்றிக் காரணம் அன்று. விளைவை வெளியிலிருந்து நிரப்புவதால் இழந்த முட்டைகள் மீளா. முட்டை வெளிவருமுன் புரோஜெஸ்டிரோனைத் தொடங்கினால் அம்மாதம் முட்டை வெளிவராமலே போகக்கூடும். குழந்தை வேண்டிப் பூச்சைத் தேடிய பெண்ணுக்கு அது கருத்தடையாக மாறிவிடும். டெஸ்டோஸ்டிரோன் கலந்த கலவையைக் கருவுற்ற நிலையில் பயன்படுத்தினால் பெண்கருவில் ஆண்தன்மை மாற்றங்கள் ஏற்படலாம். முப்பதுகளின் இறுதியில் உள்ள ஒரு பெண் இத்தகைய சிகிச்சையில் ஈராண்டு செலவிட்டால் அவர் இழப்பது பணம் மட்டுமன்று.

நாற்பது வயதுக்கு முன்னரே சூலகம் செயலிழக்கும் நிலை இவற்றினின்று வேறுபட்டது. இப்பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இழப்பு எலும்பையும் இதயத்தையும் நெடுங்காலம் பாதிக்கும். ஆகவே இயல்பான மாதவிடாய் நிறுத்த வயது வரை இயக்குநீர் அளிப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2002 ஆம் ஆண்டு ஆய்வின் எண்கள் இவர்களுக்குப் பொருந்தா. இவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினர் தாமாகவே கருத்தரிக்கின்றனர் என்பதும், இச்சிகிச்சை கருத்தடையாகாது என்பதும் இவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை.

சட்ட நிலை

அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் சீட்டின்படி ஒருவருக்கெனக் கலக்கப்படும் மருந்துகளுக்கு முன்னொப்புதலிலிருந்து விலக்களித்தது. 2008 சனவரியில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உயிரொத்த இயக்குநீர்கள் பற்றிச் சான்றற்ற செய்திகளைப் பரப்பிய ஏழு மருந்தகங்களுக்கு எச்சரிக்கை மடல் அனுப்பியது. இதற்கு முன்னர் 2005 இல் முறையீடு செய்தது பிரிமரின் தயாரிப்பாளரான வையெத்து நிறுவனம். விற்பனை வீழ்ந்த நிறுவனத்தின் சூழ்ச்சி இது எனக் கலவை மருந்து ஆதரவாளர் கூறினர். முறையீட்டாளருக்கு ஆதாயம் இருந்தது உண்மையே. அதனால் முறையீட்டின் உள்ளடக்கம் பொய்யாகிவிடாது.

2012 இல் மாசசூசெட்சு மாநிலத்துக் கலவை மருந்தகம் ஒன்று தயாரித்த ஊசிமருந்தில் பூஞ்சை கலந்ததால் மூளையுறை அழற்சி பரவி 60 பேருக்கு மேல் இறந்தனர். அது இயக்குநீர் சிகிச்சைக்குரிய மருந்து அன்று. ஆயினும் அந்நிகழ்வே 2013 இல் கலவை மருந்துகள் பற்றிய புதிய சட்டத்துக்குக் காரணமாயிற்று. 2020 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, கலவை உயிரொத்த மருந்துகளின் பயனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்று இல்லை என்றது. ஒப்புதல் பெற்ற மருந்தின் ஏதேனும் ஒரு கூறு ஒவ்வாதபோதோ, தேவையான வடிவில் அது கிடைக்காதபோதோ மட்டுமே அவற்றைப் பயன்படுத்தவும் பரிந்துரைத்தது.

2025 நவம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மாதவிடாய் நிறுத்தத்துக்கான ஒப்புதல் பெற்ற மருந்துகளின் பெட்டிகளில் 2002 ஆய்வுக்குப்பின் இடம்பெற்ற இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கும் பணியைத் தொடங்கியது. உடல் முழுதும் பரவும் வகையில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரும் மருந்துகளில் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை நீக்கப்படவில்லை.